நிழலுக்குப் போகாத பெண்

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டு உட்காருங்கள். இன்றைக்கு யாரையும் நான் ஓடவிடப் போவதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள். மைதானத்தில் கோடு போடுவதும் கம்பம் நடுவதும் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரிகள். நான் சொல்ல வந்தது வேறு. மைதானத்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்பிள்ளையும் கூடவே சுமந்துகொண்டு வருகிற, ஆனால் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சங்கதி. மாதவிலக்கு. பார்த்தீர்களா, சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பேர் தரையைப் பார்க்கிறீர்கள். நீங்களே தரையைப் பார்த்தால் உங்களிடம் வரும் பிள்ளை யாரைப் பார்த்துச் சொல்லும்?

ஆனையூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பல வருடம் இருந்தேன். இது தொண்ணூறுகளின் பின்பாதியில் நடந்தது. பள்ளிக்குப் பின்னால் மைதானம், மைதானத்துக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் கண்மாய். மார்கழி, தை மாதங்களில் விடியும்போது கண்மாயிலிருந்து பனி கிளம்பி, வயலைக் கடந்து, எங்கள் மைதானத்துக்குள் வந்து முழங்கால் அளவுக்கு நிற்கும். பிள்ளைகள் அதற்குள் ஓடும்போது பாதம் தெரியாது. பாவாடை விளிம்பு மட்டும் நகரும், ஜடை ஆடும், சத்தமே இருக்காது. நான் புங்கமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். விசில் ஊத வேண்டும் என்பதே பல நாள் மறந்துபோகும்.

அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றதில்தான் எனக்கு அது பிடிபட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பிள்ளை மாதம் முழுவதும் ஒரே பிள்ளையாக ஓடுவதில்லை. தலைக்குக் குளித்து எழுந்த வாரத்தில் கால் லேசாக இருக்கும். புதுசாக எதைச் சொல்லிக்கொடுத்தாலும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். அடுத்து வருகிற நாட்களில் குரலே மாறிவிடும், தைரியம் வரும், பாய்ந்து விழப் பயப்படாது. பிறகு மெல்ல இறங்கும். பசி, எரிச்சல், எதற்கெடுத்தாலும் அழுகை. ஆனால் அந்த நாட்களில்தான் எதிராளி எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும். அப்புறம் அந்த நாட்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து. பனிக்குள் ஓடிய அத்தனை பிள்ளைகளும் ஆளுக்கொரு பருவத்தில் இருந்தார்கள். ஒருத்திக்குச் சித்திரை என்றால் பக்கத்தில் ஓடுகிறவளுக்கு ஐப்பசி. அதைக் கண்டுகொண்ட அன்று எனக்குப் புல்லரித்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எல்லாருக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். முதல் நாளில்தான் பேய் பிடித்ததுபோல் ஓடுவாள். ஏண்டி என்று கேட்டால், "இன்னிக்கு வீட்ல ஒரு வேலையும் தொடவிட மாட்டாங்க டீச்சர், அந்தத் தெம்பு!" என்பாள். ஒவ்வொருத்திக்கும் அவளவள் வழி. நாம் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும்தான்.

நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காலையில் வந்ததும், இன்று உடம்பு கனக்கிறது என்று தோன்றுகிறவள் புங்கமரத்து நிழலுக்குப் போய் நிற்கலாம். ஏன் என்று நான் கேட்கமாட்டேன். மற்றவர்களும் கேட்கக் கூடாது. நிழலிலும் வேலை உண்டு. கைகால் நீட்டி மடக்குவது, வெயிலில் ஆடுகிறவர்களைப் பார்த்து யார் எங்கே தப்பு செய்தாள் என்று சொல்வது. நடுநடுவே உடம்புக்கு ஒன்றும் இல்லாத யாராவது இரண்டு பேரையும் நானே நிழலுக்கு விரட்டுவேன், யார் எதற்குப் போகிறாள் என்று தெரியாமல் இருக்கட்டும் என்று. எனக்குள் பெரிய புத்திசாலி என்று நினைப்பு! பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் தெரியாதவர்களாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கோ-கோ அணியில் பாண்டீஸ்வரி என்று ஒருத்தி. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பரவைக்கு அந்தப் பக்கம் கிராமம். அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அம்மா வயல் வேலைக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். மாவட்டப் போட்டியில் நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் வாங்கிவிடலாம் என்று நானே அவளுக்கு ஆசை காட்டியிருந்தேன். அவள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். துரத்துகிறவள் கை முதுகுக்குப் பக்கத்தில் வரும்வரை அசைய மாட்டாள். தொடப்போகும் நொடியில் இடுப்பு மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கும். கை காற்றைத் தொடும்.

அந்த வருடம் போட்டிக்கு முந்தின வாரங்களில் அவள் ஓட்டத்தில் ஏதோ குறைந்திருந்தது. மோசமாக ஆடினாள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நேற்று எப்படியோ இன்றும் அப்படியே. முகம் லேசாக வீங்கியிருந்தது. ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள், இன்னொரு நாள் வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். வெயில் என்றாள். நானும் எலுமிச்சைச் சாறு கொடுத்து அனுப்பினேன். பனிக்குள் அவள் மட்டும் எந்தப் பருவத்திலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன்: கெட்டவர் இல்லை. அதற்கு முன் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பெண் கர்ப்பமாகி, ஊர் திரண்டு வந்து, அவரை நடுவாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்தச் சூடு அவருக்கு ஆறவே இல்லை.

"கதவச் சாத்திட்டு வாங்க டீச்சர். உங்க டீம்ல அந்தப் பரவைப் பொண்ணு... ரொம்ப நாளா நிழலுக்கே போகலையாமே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யார் மேடம் சொன்னா?"

"ஸ்டாஃப் ரூம் பூரா அதான் பேச்சு. பிள்ளைங்களும் பேசுதுங்க. வாந்தி எடுத்தாளா இல்லையா?"

"எடுத்தா."

"அப்ப? நாளைக்கே லேபுக்குக் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுங்க. ஏதாச்சும்னா, சத்தமில்லாம அம்மாவக் கூப்பிட்டு டி.சி.யக் குடுத்து அனுப்பிருவோம். ஃபைனல்ல போயி எல்லார் முன்னாடியும் மயங்கி விழுந்தான்னா ஸ்கூல் பேரு என்னத்துக்காகும்?"

பிள்ளைகள் கூச்சப்படக் கூடாது என்று நான் போட்ட நிழல்தான் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. இதை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அழுவதற்கு நேரமில்லை, அவர் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் எனக்கு உண்மை தெரியாது. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அவளை அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிற வழியிலேயே அவள் படிப்பு முடிந்துவிடும். முடிவு எதுவாக வந்தாலும் 'டெஸ்ட் எடுத்த பொண்ணு' என்ற பெயர் அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்பன் அடிப்பான், அம்மா வாயில் துணியை வைத்து அழுவாள், அந்த மாதத்துக்குள் யாருக்காவது கட்டிவைத்துவிடுவார்கள்.

"டெஸ்டெல்லாம் எடுக்க முடியாது மேடம்," என்றேன்.

"என்ன?"

"டீமுக்கு நான் பொறுப்பு. அவளுக்கும் நான்தான் பொறுப்பு. ஃபைனல் முடியட்டும், என்னன்னு நானே வந்து சொல்றேன்."

"தப்பாப் போச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல. சொல்லிட்டேன்."

"சரிங்க மேடம்."

வீரம் எல்லாம் உள்ளே பேசின வரைக்கும்தான். குழாயடியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் பரவையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு அவள் ஊருக்கு நடந்தேன். வெயில் இருந்தாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் காற்று குளிர்ச்சியாக வந்தது. நெல் பால் பிடித்திருந்த சமயம். அந்த வாசனை ஒருவிதமாகக் கிறக்கும். நடக்க நடக்க, வந்த காரியமே மறந்து, எங்கேயோ போய்க்கொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. என்ன கேட்கப்போகிறோம் என்று யோசிக்கப் பயந்துதான் அப்படி நடந்தேன் போலிருக்கிறது.

ஊர் நடுவில் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாண்டீஸ்வரியின் அம்மா என்னைப் பார்த்ததும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆத்தி, டீச்சரா! வாங்க, வாங்க. அங்கனயே நில்லுங்க தாயி, உள்ள மாரியாத்தாளுக்கு முளைப்பாரி போட்டிருக்கு."

கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். ஜன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டு வீட்டை இருட்டாக்கியிருந்தார்கள். வரிசையாக மண்பானைகள், ஒவ்வொன்றிலும் வெயில் படாத முளைகள் வெளிறிய மஞ்சளாக எழுந்து நின்றன. ஈர மண் வாசனையும் எருவின் வாசனையும் குளிர்ச்சியாக முகத்தில் வந்து படிந்தன. உள்ளே ஏதோ மூச்சு விடுவதாகவே எனக்குப் பட்டது. வெளிச்சம் படாத அந்த மஞ்சளை அதற்குப் பிறகு பலமுறை கனவில் பார்த்திருக்கிறேன்.

"போன தடவ போட்டதெல்லாம் வீணாப் போச்சு டீச்சர்," என்றார் அம்மா. "முளை நல்லா வந்துச்சு, ஊர்ல சாவு விழுந்துருச்சு. திருவிழாவ நிப்பாட்டிட்டாக. மறுக்கா எப்பங்கிறதுல பெரிய மனுசங்களுக்குள்ள பேச்சு முடியல. இந்தா அந்தான்னு இழுத்து, இப்பத்தான் வர்ற வெள்ளி கழிச்சு செவ்வாய்க்கெழமைன்னு சாட்டியிருக்காக."

வருகிற வெள்ளிக்கிழமைதான் எங்கள் இறுதிப் போட்டி.

"யாரு தூக்குறா? பாண்டீஸ்வரியா?"

"அவதேன். கன்னிப்புள்ள தூக்குறதா நேந்திருக்கேன்."

எனக்குள் ஏதோ தட்டியது. "ஏம்மா, திருவிழாத் தேதி இப்படி மாறிக்கிட்டே இருந்தா, அவளுக்கு நாள் கணக்கு எப்படி ஒத்துவரும்?"

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக, வைக்கோல் படப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார்.

"மாத்திர போட்டிருக்கு டீச்சர். மெடிக்கல்ல கேட்டாக் குடுக்காக. முதத் திருவிழாவுக்கு ஆரம்பிச்சது. நின்னுபோச்சா, அடுத்து எப்ப சாட்டுவாகன்னு தெரியல. நிறுத்துனா வந்துருமேன்னு, நிறுத்தாமப் போட்டுக்கிட்டே இருக்கா."

"அன்னைல இருந்தா? இம்புட்டு நாளுமா?"

"ஆமா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதைவிடப் பெரிதாக, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு விழுந்த நிம்மதி. இரண்டும் சேர்ந்து வந்ததில் சிரிப்பதா திட்டுவதா என்றே தெரியவில்லை. "எதுக்கும்மா நேந்துக்கிட்டீங்க? அப்படி என்ன குடி முழுகுற காரியம்?" என்று கத்திவிட்டேன்.

"இவ ஆட்டத்துல செயிக்கணும்னுதான் டீச்சர். செயிச்சா காலேசு கெடைக்கும்னு நீங்கதான சொன்னீகளாம்."

அதற்குப் பிறகு எனக்குக் கத்தத் தோன்றவில்லை.

பள்ளியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செவ்வாய்க்கிழமை முளைப்பாரி, புதன்கிழமை மாப்பிள்ளை வீடு. அவரும் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "வெளிய சொல்லிராதீக தாயி. மாத்திர போட்ட விசயம் தெரிஞ்சா, தீட்ட அடக்கி வச்ச குத்தத்துலதான் சாவு விழுந்து திருவிழா நின்னுச்சுன்னு எங்க தலையில கட்டிருவாக. அப்பறம் இந்த ஊர்ல குடியிருக்க முடியாது." சரி என்று தலையாட்டினேன். ஆக, தலைமையாசிரியை வாயை அடைக்கிற பதில் கையில் இருந்தும் அதைச் சொல்ல முடியாத நிலைமை.

பாண்டீஸ்வரி குடத்தோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் ஏறி நடந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது, நாரைகள் அங்கங்கே நின்றன. அவள் தானாகவே சொன்னாள்.

"மாத்திர போட ஆரம்பிச்சதுல இருந்து எல்லா நாளும் ஒரே நாளாட்டம் இருக்கு டீச்சர். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. முன்னெல்லாம் காலைல எந்திரிக்கும்போதே இன்னைக்கு ஓட்டம் நல்லா வரும், இன்னைக்கு வராதுன்னு தெரியும். இப்ப என்னைய எங்கனயோ வச்சுட்டு வந்துட்ட மாதிரி இருக்கு."

அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இனி முடிவெடுக்க வேண்டும். நெருக்கடி என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்களே, அது இப்படித்தான் வரும். அவள் மாத்திரையைத் தொடர்ந்தால் வெள்ளிக்கிழமை போட்டியும் நடக்கும், செவ்வாய்க்கிழமை முளைப்பாரியும் நடக்கும். அணிக்கு நல்லது, அம்மாவுக்கு நல்லது, சாமிக்கும் குறையில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொல்லியது. மறைக்காமல் சொல்கிறேன், நைச்சியமான குரல் அது. எல்லாருக்கும் வசதியான வழியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வசதியில்லை. அந்த ஆள் என் கைக்குள் குனிந்து நடந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை டவுனில் எனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு எங்கள் மூவரையும் ஒரு பிடி பிடித்தார். யாரைக் கேட்டு இத்தனை வாரம் போட்டீர்கள், இது என்ன தேன்மிட்டாயா என்றார். இன்றே நிறுத்துங்கள், நிறுத்தினால் சில நாளில் வந்துவிடும், அடைத்துவைத்தது அதிகமாகத்தான் போகும், பயப்படாமல் ஓய்வெடுக்கட்டும் என்றார். ஒரே வாரத்தில் போட்டியும் போனது, நேர்த்திக்கடனும் போனது.

வெளியே மரத்தடியில் நின்றோம். பாண்டீஸ்வரி அழுதாள். அவள் அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவராகவே திரும்பினார்.

"விடு கழுத. ஆத்தாளும் பொம்பளதான, அவளுக்குத் தெரியாதா? எனக்குத்தான் எப்பவோ நின்னுபோச்சே. நானே தூக்கிக்கிறேன். கன்னிப்புள்ளயப் பெத்தவ தூக்குனா வேணாம்னா சொல்லப்போறா?"

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா!" என்றேன்.

"தோணலையே டீச்சர்," என்றார் அப்பாவியாக. மூன்று பேரும் அந்த மரத்தடியில் நின்று சிரித்தோம். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை. ரேஸ்கோர்ஸ் மைதானம். முந்தின நாளே அவளுக்கு வந்துவிட்டது. வீட்டில் படுத்திரு என்று சொல்லியும் கேட்காமல், கறுப்புப் பாவாடையும் ஒரு பழைய துண்டுமாக வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் அவளை ஆடுகிறவர்களில் சேர்க்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்து வெந்நீர் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். ஆட்டம் ஆரம்பித்தது. பாதி ஆட்டத்தில் கொஞ்சம் பின்தங்கியிருந்தோம், எட்டிப்பிடிக்கிற தூரம்தான்.

தலைமையாசிரியை வந்திருந்தார். நேராக பெஞ்சுக்கு வந்தார். சுருண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் இவள உக்கார வச்சிருக்கீங்க? அப்ப நான் அன்னைக்குச் சொன்னது..."

நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். சுற்றிலும் மற்ற பள்ளி ஆசிரியர்கள், ஸ்கோர் எழுதுகிறவர்கள், பாதிப் பேர் ஆண்கள். அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"எனக்கு வந்திருக்கு மேடம். ரொம்பப் போகுது, நிக்க முடியல. அதான் டீச்சர் உக்கார வச்சிருக்காக."

ஸ்கோர் எழுதுகிறவர் பேனாவை அப்படியே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். தலைமையாசிரியை முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அவள் கன்னத்தைப் பிடித்து, "நல்லவேள, மாரியாத்தா!" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அடுத்த நிமிஷமே ஸ்கோர் போர்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அதான் வந்துருச்சுல்ல, அப்பறம் என்ன? எறக்குங்க டீச்சர். கொஞ்ச நேரம்தான. கைக்கு வந்த கப்பு போகப்போகுது."

அட ராமா! ஒரு வாரத்துக்கு முன்னால் வரவில்லை என்பதற்காக அவளை வெளியே அனுப்பப் பார்த்தவர், வந்துவிட்டது என்பதற்காக உள்ளே அனுப்பச் சொல்கிறார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அவள் இறங்கினால் ஜெயித்துவிடுவோம் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அணிப் பிள்ளைகள் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நான் பாண்டீஸ்வரி பக்கம் திரும்பினேன். "நீ சொல்லு," என்றேன்.

அவள் மைதானத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் எங்கேயோ உள்ளே போய்த் தேடுவது எனக்குத் தெரிந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. நடுவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"இன்னைக்கு வேணாம் டீச்சர். நல்லாத் தெரியுது. வராது."

எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் முடியும் டீச்சர், முடியும் டீச்சர் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி சொல்லி அன்றுதான் கேட்டேன். அவளுக்கு அவள் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

தோற்றோம். கொஞ்சத்தில்தான் தோற்றோம், அதனால் நிறையவே வலித்தது. இரண்டாம் இடத்துக்கான சான்றிதழில் அணியில் இருந்த எல்லார் பெயரும் வரும், அவள் பெயரும் வந்தது. முதல் இடத்துக்கு இருக்கிற மவுசு அதற்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அதை வைத்துக்கொண்டு பிறகு நானும் அவளும் எத்தனை கல்லூரிப் படி ஏறினோம் என்பது தனிக்கதை, அது இப்போது வேண்டாம். கடைசியில் ஒரு கதவு திறந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பும்போது வேனில் பாட்டு இல்லை, கூச்சல் இல்லை. பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து கிடந்தார்கள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து முகங்களின்மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரியை என் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்காரவைத்திருந்தேன்.

"ஆத்தா கோவிச்சுக்கிருச்சோ டீச்சர்? அதான் தோத்துட்டமோ?" என்றாள் அரைத் தூக்கத்தில்.

"ஆத்தாளுக்கு வேற சோலி இல்லையாக்கும்? தூங்கு."

தூங்கிப்போனாள். தலை என் தோளில் விழுந்தது. வயிற்றுச் சூடு குறையாமல் இருக்க என் முந்தானையை இழுத்து அவள்மேல் போட்டேன். வேன் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டில் இருந்த தலைமையாசிரியை கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். தூங்குகிறவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காமல் என் பக்கம் குனிந்தார்.

"அன்னைக்கு என் ரூம்ல அவ்வளவு உறுதியாப் பேசுனீங்களே. உங்களுக்கு விஷயம் தெரியுமா அப்ப?"

"தெரியாது மேடம்."

"ஒருவேள நான் நெனச்சதே நெசமா இருந்திருந்தா? இந்நேரம் இவ எங்க இருந்திருப்பா?"

"இப்ப எங்க உக்காந்திருக்காளோ, அங்கதான் மேடம்," என்றேன்.